மழை பெய்தால் கீழ்வீட்டு டாய்லெட் பொங்குகிறது. ராஜகால்வாயை அகலப்படுத்தினால் தீருமா?

ஈஜிபுரா கீழ்வீடு | சனி, இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூர் ஈஜிபுராவில் 30-க்கு 40 அடி மனையில் கட்டிய வீட்டில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். மேலே மூன்று மாடி, மாடிக்கு இரண்டு குடித்தனம்.

இன்று சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் மழை. தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, அது பழகிப்போன விஷயம். ஆனால் டாய்லெட்டுக்குள் குளுக் குளுக் என்று சத்தம் கேட்டது. பத்து நிமிடத்தில் பாத்ரூம் தரை முழுக்கக் கறுப்புத் தண்ணீர். மாமியார் பழைய சேலைகளைச் சுருட்டி பாத்ரூம் வாசலில் அணை போட்டார். மழை விட்டு முக்கால் மணி நேரத்தில் எல்லாம் தானாக உள்ளே இறங்கிவிட்டது. நாற்றம் மட்டும் இறங்கவில்லை.

ராஜகால்வாயை, அதாவது ஊரின் பெரிய மழைநீர்க் கால்வாயை, அகலப்படுத்தச் சொல்லி தெருவில் மனு தயாராகிறது. நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்ட பிறகு ஒரு சந்தேகம். ராஜகால்வாய் எங்கள் வீட்டிலிருந்து 400 மீட்டர் தள்ளி இருக்கிறது. மழை பெய்யும்போதே குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், பாதி அளவுக்குத்தான் ஓடியது. அப்படியென்றால் என் வீட்டு டாய்லெட் ஏன் பொங்குகிறது?

வைட்ஃபீல்டு வம்பன் | சனி, இரவு 11:41

2022 செப்டம்பர் வெள்ளத்தில் கோடிக்கணக்கில் கொடுத்து வில்லா வாங்கியவர்களே சர்ஜாபூர் ரோட்டில் டிராக்டர் ஏறி ஆபீஸ் போனார்கள். உங்களுக்குச் சேலை அணையாவது நின்றதே. வீட்டை மாற்றுங்கள் ப்ரோ.

ஈஜிபுரா கீழ்வீடு | சனி, இரவு 11:44

அட்வான்ஸ் நீங்கள் தருகிறீர்களா?

பழைய பிளம்பர் | ஞாயிறு, காலை 6:05

தம்பி, நான் திருப்பத்தூர்க்காரன். 30 வருடம் பெங்களூரில் குழாய் வேலை பார்த்தவன். நீ எழுதியதிலேயே பதில் இருக்கிறது. மழை விட்டதும் தானாக இறங்கியது என்றாய் அல்லவா? அப்படியானால் அது அடைப்பு இல்லை. அடைப்பு என்றால் வெயில் நாளிலும் பொங்கும். மழைத் தண்ணீர் யுஜிடிக்குள், அதாவது பாதாளச் சாக்கடைக்குள் போகிறது, அதுதான் கோளாறு.

இந்த ஊரில் இரண்டும் தனித்தனி. சமையலறை, குளியலறை, கக்கூஸ் தண்ணீர் எல்லாம் யுஜிடி. மழைத் தண்ணீருக்குத் தெருவோர மோரி, அதிலிருந்து ராஜகால்வாய். ஆனால் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாயை நேராக யுஜிடி சேம்பரில், அதாவது வாசலில் மூடி போட்டிருக்கும் கழிவுநீர்க் குழியில் சொருகிவிட்ட வீடுகள் ஏராளம். ஒளிப்பானேன், நானே எத்தனையோ வீட்டுக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். வாசலில் தண்ணீர் கொட்டக் கூடாது, கோலம் அழியும் என்பார் ஓனர். சேம்பர் பக்கத்திலேயே இருக்கும். மோரி வரை பள்ளம் எடுத்தால் அரை நாள் வேலை கூடும். அவ்வளவுதான் காரணம்.

இருக்கும் குழாய் வாய்களில் உன் வீட்டு வாய்தான் தாழ்வானது. குழாய் நிறைந்தால் முதலில் அங்கேதான் எட்டிப் பார்க்கும். மூன்றாம் மாடிக்காரருக்கு ஒன்றும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவியெல்லாம் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து மொட்டை மாடிக் குழாயில் ஊற்றச் சொல். நீ கீழே சேம்பர் மூடியைத் திறந்து வைத்துப் பார். வீட்டு வாசல் சேம்பர் மட்டும்தான். ரோட்டில் இருக்கும் மேன்ஹோலைத் தொடாதே, யாரையும் உள்ளே இறக்கவும் இறக்காதே. 2013 சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், உள்ளே இருக்கும் வாயு ஆளைத் தூக்கிவிடும்.

சைட் இன்ஜினியர் | ஞாயிறு, காலை 8:30

பிளம்பர் அண்ணன் சொன்னதற்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். உங்கள் மனை 1,200 சதுர அடி, அதாவது சுமார் 111 சதுர மீட்டர். ஓரம் விடாமல் கட்டியிருப்பார்கள், எனவே மொத்தமும் கூரை என்றே வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. மழைக்கு 5,500 லிட்டர்.

இப்போது யுஜிடி பக்கம். ஏழு குடித்தனம், வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 28 பேர். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவை எடுத்தால் 3,780 லிட்டர். ஒன்றரை நாள் கழிவுக்குச் சமமான தண்ணீரை ஒரு மணி நேரத்தில் அதே குழாய்க்குள் தள்ளுகிறீர்கள். இது ஒரே ஒரு வீட்டின் கதை. தெருவில் பத்து வீடு இப்படி இருந்தால் ராஜகால்வாயைக் கடல் அகலத்துக்கு வெட்டினாலும் உங்கள் டாய்லெட் பொங்கத்தான் செய்யும். அந்தத் தண்ணீர் ராஜகால்வாய்க்குப் போகவே இல்லையே.

ஈஜிபுரா கீழ்வீடு | ஞாயிறு, பகல் 12:15

செய்து பார்த்துவிட்டேன்.

மேல்மாடி அக்கா மொட்டை மாடியில் வாளியோடு நின்றார். நான் கீழே சேம்பர் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தேன். உள்ளே பக்கச் சுவரில் நான்கு குழாய் வாய்கள். ஒன்றில் சோப்பு நுரையோடு மெல்லிய ஓட்டம், மற்ற மூன்றும் காய்ந்து கிடந்தன. அக்கா மேலிருந்து "ஊத்திட்டேன்" என்று கத்தினார். பத்து வரை எண்ணியிருப்பேன். காய்ந்து கிடந்த வாய்களில் ஒன்றிலிருந்து முதலில் பூவரச இலை ஒன்று வந்து விழுந்தது. அதன் பின்னால் பளிச்சென்று நீலம்.

இரண்டாவது குழாய்க்கு ஊற்றினோம், நீலம். மூன்றாவது, அதுவும் நீலம். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுத் தாத்தா "எங்க வீட்டுக்கும் ஊத்துங்களேன்" என்றார். அவர் வீட்டிலும் நீலம்தான்.

மனுவில் போட்ட கையெழுத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. இப்போது இந்த மூன்று குழாயையும் பிடுங்கித் தெரு மோரியில் விட்டுவிட்டால் போதுமா?

ஓசூர் பெண் | ஞாயிறு, பிற்பகல் 2:50

விடுவதற்கு முன் அந்த மோரி எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள் அண்ணா. ஈஜிபுராவிலிருந்து கோரமங்களா ராஜகால்வாய், அங்கிருந்து பெள்ளந்தூர் ஏரி, அடுத்து வர்த்தூர் ஏரி, அப்புறம் தென்பெண்ணை. தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அது எங்கள் கெலவரப்பள்ளி அணைக்குத்தான் வரும். பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், கடைசியில் கடலூரில் கடல்.

மழைக்காலத்தில் கெலவரப்பள்ளியில் மதகைத் திறந்தால் ஆற்றில் தண்ணீர் தெரியாது, நுரைதான் தெரியும். வெள்ளை வெளேரென்று, தரைப்பாலத்தையே மூடிவிடும். முதல் தடவை பார்க்கிறவர்கள் செல்ஃபி எடுப்பார்கள், காற்றடித்து முகத்தில் ஒட்டினால் தெரியும். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் பெரியப்பா தக்காளியும் கீரையும் போடுகிறார். அந்தக் கீரை எந்த ஊர்ச் சந்தைக்கு வருகிறது என்று நினைக்கிறீர்கள்?

[இதற்குக் கீழே வந்த மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. கர்நாடகா–தமிழ்நாடு தண்ணீர்ச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, அங்கே போய்ப் போடுங்கள். – நெறியாளர்]

பழைய பிளம்பர் | ஞாயிறு, மாலை 4:10

நீக்கியது நல்லது. நான் போட்ட குழாய்களில் கன்னடக்காரர் வீடும் உண்டு, நம்மவர் வீடும் உண்டு, மார்வாடி வீடும் உண்டு. நுரையில் யார் பங்கு எவ்வளவு என்று யார் பிரிப்பது?

அல்சூர் தாத்தா | ஞாயிறு, மாலை 5:35

ராஜகாலுவே என்பதை நாம் ராஜகால்வாய் என்கிறோம். அதைச் சாக்கடைக்காக யாரும் வெட்டவில்லை. மேல் ஏரி நிரம்பிக் கோடி வழிந்தால், அதாவது உபரித் தண்ணீர் வெளியேறினால், அந்தத் தண்ணீரைக் கீழ் ஏரிக்குக் கொண்டு சேர்க்கும் கால்வாய் அது. கோடி என்ற சொல் கன்னடத்திலும் அதேதான். இந்த ஊருக்குப் பெரிய ஆறு கிடையாது, கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. விழுகிற மழை ஹெப்பாள், கோரமங்களா–சல்லகட்டா, விருஷபாவதி என்று பள்ளத்தாக்குகளில் பிரிந்து ஓடும். முதல் இரண்டும் தென்பெண்ணைக்கு. விருஷபாவதி அர்க்காவதியில் சேர்ந்து காவிரிக்கு. ஆறு இல்லாத ஊரில் ஏரி வெட்டித்தான் பிழைக்க முடியும். எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை பக்கம் விபூதிபுரத்தில் 14ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காட்டை வெட்டி, நிலத்தைச் சமன் செய்து, ஏரி அமைத்த செய்தியைச் சொல்கிறது.

அந்த ஏரிகள் எங்கே? தர்மாம்புதி மெஜஸ்டிக் பஸ் நிலையம் ஆனது. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆனது. சல்லகட்டா ஏரியில் கோல்ஃப் ஆடுகிறார்கள். ஈஜிபுராக்காரரே, உங்களுக்குப் பக்கத்தில் எஸ்.டி. பெட் லேஅவுட் இருக்கிறதே, அதன் முழுப் பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? ஸ்ரீநிவாகிலு டேங்க் பெட். ஏரிப் படுகை என்று பெயரிலேயே எழுதி வைத்துவிட்டுத்தான் மனை போட்டுக் கொடுத்தார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது அல்சூர் ஏரியில் மீன் பிடித்து, வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். இப்போது அந்தப் பக்கம் போனால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறேன்.

வைட்ஃபீல்டு வம்பன் | ஞாயிறு, மாலை 6:02

தாத்தா, எல்லாம் சரி. ஆனால் ராஜகால்வாய்க்கு இருபுறமும் கான்கிரீட் சுவர் கட்டித் தூர் வாரினால் பாதிப் பிரச்சினை தீரும்தானே? அதைக்கூடச் செய்யாமல் ஒவ்வொரு வீட்டுக்காரனும் சொட்டு நீலம் ஊற்ற வேண்டுமா?

சைட் இன்ஜினியர் | ஞாயிறு, இரவு 8:45

தூர் வாருவது கட்டாயம் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் வாரிய மண்ணைக் கரையிலேயே குவித்து வைத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த மழையில் அது மறுபடி உள்ளே இறங்குகிறது. இதை மூன்று வருடமாக ஒரே இடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதே மேடு, அதே புல்.

சுவர் விஷயத்தில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பக்கமும் அடியும் கான்கிரீட் ஆனால் தண்ணீர் வேகமாக ஓடும், உண்மை. எங்கே ஓடும்? கீழே இருப்பவன் தலையில். முன்பு மூன்று மணி நேரத்தில் வந்து சேர்ந்த தண்ணீர் ஒரு மணி நேரத்தில் வந்தால், அங்கே ஒரு ரயில் பாலத்தின் சின்னக் கண் போதும், எல்லாம் பின்னால் தேங்கிவிடும். 2025 மே மாதம் ஹொரமாவு சாயி லேஅவுட் மூழ்கியபோது ரயில் பாதைக்கு அடியில் இருக்கும் குறுகலான திறப்புதான் பேச்சாக இருந்தது. அடியும் கான்கிரீட் ஆனால் ஒரு சொட்டுக்கூட மண்ணுக்குள் போகாது.

இன்னொன்று. யுஜிடி நிறைந்தால் அது எங்கே வழியும் என்று நினைக்கிறீர்கள்? மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வரும், தெருவிலிருந்து மோரிக்கு, மோரியிலிருந்து ஏரிக்கு. ஆக, மழைத் தண்ணீரை யுஜிடியில் விட்டதால் கக்கூஸ் தண்ணீர் மழைக் கால்வாயில் போகிறது. பெள்ளந்தூர் ஏரி 2017 பிப்ரவரியில் ஒரு முறை எரிந்தது, 2018 ஜனவரியில் மறுபடியும் எரிந்தது. ஏரி எரிகிற ஊரில் நாம் இருக்கிறோம். சுத்திகரிக்காத கழிவும் சோப்புத்தூளும் அடியில் படிந்து, புது மழை வந்து கலக்கிக் கோடியில் விழும்போது நுரைக்கிறது. ஓசூர்த் தங்கை பார்க்கும் நுரையும் அதுதான்.

நல்லது ஒன்றும் சொல்கிறேன். சாந்திநகர் பக்கமிருந்து பெள்ளந்தூர் நோக்கிப் போகும் இதே கோரமங்களா ராஜகால்வாயில் கே-100 என்று ஒரு திட்டம் வந்தது. கழிவைத் தனியாகத் திருப்பிவிட்டுக் கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் போய் நடந்து பாருங்கள், என்ன செய்திருக்கலாம் என்று தெரியும்.

மொட்டைமாடி அக்கா | ஞாயிறு, இரவு 9:30

தம்பி, குழாயைப் பிடுங்கி மோரியில் விடுவதற்கு முன் மழைத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறைகிணறு போட முடியுமா என்று பாருங்கள். நாங்கள் கம்மனஹள்ளியில் போட்டிருக்கிறோம். 3 அடி அகலம், 20 அடி ஆழம். பரம்பரையாகக் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள், மூன்று நாள் வேலை. ஒருவர் உள்ளே குந்தி உட்கார்ந்து சின்னக் கைப்பிடி மண்வெட்டியால் வெட்டுகிறார், மேலே கயிற்றில் கூடை ஏறி இறங்குகிறது. முதலில் செம்மண், 12 அடிக்குக் கீழே வெள்ளையும் மஞ்சளுமாகப் பொரபொரவென்று. "இது தண்ணி குடிக்கும் மண்ணும்மா" என்றார் மூத்தவர். சிமெண்ட் உறைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார்கள், நடுவில் கலவை பூசவில்லை. சுற்றிலும் ஜல்லி. அடியைத் திறந்தே விட்டார்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். வடிகட்டித் தொட்டியைச் சின்னதாக வைத்துவிட்டேன். ஏப்ரல் மழைக்கு எதிர்வீட்டு குல்மோஹர் பூவெல்லாம் மொட்டை மாடியில் கொட்டி, சிவப்புக் கூழாகி வலையை அடைத்துவிட்டது. அப்புறம் மாமா கார் கழுவும் தண்ணீரையும் அதிலேயே விட ஆரம்பித்தார். ஒரு நாள் பெரிய சண்டை போட்டு நிறுத்தினேன். கூரைத் தண்ணீர் மட்டும்தான் கிணற்றுக்கு, அதிலும் வருடத்தின் முதல் மழையை வெளியே விட வேண்டும்.

பழைய பிளம்பர் | திங்கள், காலை 6:20

அம்மா, கம்மனஹள்ளி மேடு. உங்களுக்குச் சரி. ஈஜிபுரா பள்ளம், ஏரி மண். அங்கே பல இடத்தில் 10 அடியிலேயே தண்ணீர் ஊறும், மழைக்காலத்தில் இன்னும் மேலே வரும். ஏற்கெனவே நிறைந்த பானையில் எதை ஊற்றுவது? தம்பி, உன் வீட்டில் கார் நிற்கும் இடத்துக்கு அடியில் சம்ப், அதான் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, இருக்குமே, அதில் விடு.

சைட் இன்ஜினியர் | திங்கள், காலை 9:10

பிளம்பர் அண்ணன் சொல்வதே சரி, நானும் கிணறு என்றுதான் எழுத இருந்தேன். 3 அடிக்கு 20 அடி கிணறு கொள்வது 4,000 லிட்டர். மண் உறிஞ்சினால்தான் அதற்கு மேல். உறிஞ்சாத மண்ணில் அது வெறும் தொட்டி, தொட்டி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

2009 முதலே இங்கே உங்கள் அளவு மனையில் புதிதாகக் கட்டும் வீட்டுக்கு மழைநீர் சேகரிப்பு சட்டப்படி கட்டாயம். இல்லாவிட்டால் தண்ணீர் பில்லோடு அபராதம் வரும். கூரை ஒரு சதுர மீட்டருக்கு 60 லிட்டர் பிடிக்க வேண்டும் என்பது அளவு. வீடு அதற்குப் பிறகு கட்டியது என்றால் உங்கள் ஓனருக்கு 6,700 லிட்டர் பக்கம் வரும்.

ஈஜிபுரா கீழ்வீடு | திங்கள், இரவு 10:30

ஓனரிடம் பேசினேன். ஏரி, ஓசூர், கெலவரப்பள்ளி எல்லாம் சொன்னேன். "ஹௌதா, ஹௌதா" (அப்படியா, அப்படியா) என்று கேட்டுக்கொண்டே டிவி பார்த்தார். அபராதம் என்றேன், "எல்லாருக்கும்தானே வருது" என்றார். கடைசியில் இன்ஜினியர் சார் பாணியில் ஒரு கணக்குப் போட்டேன். வருடத்துக்குச் சுமார் 970 மி.மீ. மழை, 111 சதுர மீட்டர், ஐந்தில் ஒரு பங்கு வீணாய்ப் போனாலும் 86,000 லிட்டர். 6,000 லிட்டர் டேங்கர் என்றால் 14 லோடு. டிவி சத்தத்தைக் குறைத்தார். 2024 மார்ச் தண்ணீர்ப் பஞ்சத்தில் டேங்கருக்காக எவ்வளவு கெஞ்சினோம் என்று அவர் மனைவி உள்ளேயிருந்து ஞாபகப்படுத்தினார். மழை வருடம் முழுக்கச் சமமாகப் பெய்யாது, சம்ப் நிறைந்ததும் மீதி வழியும் என்பதையும் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஆள் வருகிறார்.

பழைய பிளம்பர் | செவ்வாய், காலை 6:00

சம்ப் வழிந்தால் போக ஒரு குழாய் வை, அது மோரிக்குப் போகட்டும், சேம்பருக்கு வேண்டாம். சேம்பரில் இருக்கும் பழைய மூன்று வாயையும் எண்ட் கேப் போட்டு அடை. துணியைத் திணித்துவிட்டுப் போவார்கள், விடாதே. உன் டாய்லெட் லைனில், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் போடச் சொல். வருடத்துக்கு ஒரு தடவை திறந்து கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அடைப்பாகும்.

ஈஜிபுரா கீழ்வீடு | 12 நாள் கழித்து, இரவு 9:15

நேற்று நல்ல மழை. இரண்டு குழாய் சம்ப்புக்குப் போகிறது. மூன்றாவது படிக்கட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது, அதை மோரிக்குத் திருப்பினோம். வால்வுக்குச் சாமான் வரவில்லை, இன்னும் போடவில்லை.

டாய்லெட்டில் இரண்டு தடவை குளுக் என்றது. தண்ணீர் விளிம்பு வரை ஏறி நின்று, இறங்கிவிட்டது. மாமியார் சேலையோடு தயாராக நின்றிருந்தார், தேவைப்படவில்லை. முழுசாகத் தீராததற்குக் காரணமும் தெரியும். பக்கத்தில் ஐந்து மாடி பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி) கட்டிடம் இருக்கிறது. மழையின்போது அவர்கள் சேம்பர் மூடி தட்டுத் தட்டென்று குதித்தது. தாத்தா தன் வீட்டுக் குழாயை மாற்ற ஒத்துக்கொண்டார். பி.ஜி. நடத்துபவர் "எங்க பில்டிங்ல அப்படி இல்ல" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வாளியோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மனுவைத் திருத்தினோம். அகலப்படுத்து என்பதை எடுத்துவிட்டு, தூர் வாரிய மண்ணை அன்றைக்கே ஏற்றிப் போக வேண்டும், தெரு மோரியில் தண்ணீர் இறங்கும் ஓட்டைகளைப் பெரிதாக்கிக் கம்பி வலை போட வேண்டும் என்று எழுதினோம்.

விவேக்நகர் புதுசு | 12 நாள் கழித்து, இரவு 10:40

இழை முழுக்கப் படித்தேன். எங்கள் வீட்டிலும் இதே குளுக் குளுக். ஆனால் எங்கள் வாசல் சேம்பரைக் காணவே இல்லை. போன வருடம் ரோடு போட்டபோது அதன் மேலேயே தார் ஊற்றிவிட்டார்கள் போல. எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய பிளம்பர் | மறுநாள், காலை 6:10

மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார். மற்ற இடம் காய்ந்திருக்கும், மூடி இருக்கும் இடத்தில் வட்டமாக ஈரம் நிற்கும். இல்லாவிட்டால் கடப்பாரையின் அடிப்பக்கத்தால் தட்டிக்கொண்டே போ, சத்தம் மாறும் இடத்தில் நிறுத்து. பக்கத்து வீட்டு சேம்பர் வாசலிலிருந்து எத்தனை அடியில் இருக்கிறது என்று முதலில் அளந்துகொள், உன்னுடையதும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் இருக்கும்.